காவலூர்ப் பேராடி

சேலம் நகருக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாய் எழுந்து நிற்கும் சேர்வராயன் மலைத்தொகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் 5,326 அடி, அதாவது 1,623 மீட்டர் உயரத்தில், மரங்கள் விலகிப் புல்வெளியாய்த் தட்டையாகப் பரந்து கிடக்கும் உச்சியின்மேல், சேர்வராயனும் காவேரியம்மனும் ஒரு குகைக்குள் எழுந்தருளியிருக்கும் கோயில் அமைந்திருக்கிறது. குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குகையின் இருளிலிருந்து வெளியே வருகிறவனுக்கு நான்கு திசையிலும் ஆகாசத்தைத் தவிர வேறொன்றும் உயரமாக நிற்பதில்லை. மலையாளிகள் என்று வழங்கப்படும் மலைவாழ் குடிகள், தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்னும் மரபைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறவர்கள், கோடையில் இந்த உச்சியிற்கூடித் தங்கள் தெய்வத்துக்கு விழா எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் வடபாகத்தில் நக்ஷத்திரங்களைப் பார்ப்பதற்கு ஓர் இடம் காட்டு என்று யாரைக் கேட்டாலும் இத்தகைய உச்சியொன்றையே சுட்டிக்காட்டுவார்கள்.

ஆயினும், 1960-களில் தென்னிந்தியாவில் ஒரு பெரிய தொலைநோக்கி நிலையத்துக்கு இடம் தேடியபோது, முடிவில் தேர்ந்துகொள்ளப்பட்டது இந்த உயரத்திற் பாதியளவுகூட எட்டாத ஓரிடமே. சேர்வராயன் உச்சியிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தொலைவில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறிச் செல்லும் ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரே அவ்விடம். அங்கும் வாழ்கிறவர்கள் மலையாளிக் குடிகளே. அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமே. உயரத்தை மட்டும் கருதுகிறவர்களுக்கு இத்தேர்வு விசித்திரமாகத் தோன்றும். ஆனால், 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பிச் செடி சேர்வராயன் சரிவுகளில் செழித்து வளர்ந்ததற்கு எந்த மழையும் மூடுபனியும் காரணமோ, அவையே வானநூலாருக்குப் பெரும் இடையூறு. மேகமில்லாத இரவுகளின் எண்ணிக்கை, சுற்றுப்புற ஊர்களின் வெளிச்சம் எட்டாத இருள், பூமத்திய ரேகைக்கு அருகாமை, ஆய்வாளர்கள் எளிதில் வந்துபோகும் வசதி ஆகிய இவை உயரத்தைக் காட்டிலும் முக்கியமானவை. காவலூர் 12½ பாகை வட அட்சத்தில் இருப்பதால், வடதுருவத்தை அடுத்த பகுதிகளோடு தென்வானின் பெரும்பாகமும் அங்கிருந்து பார்வைக்கு அகப்படுகிறது.

அங்கே நிறுவப்பெற்ற தொலைநோக்கியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதன் உயிர்நிலையாகிய ஆடி எவ்வாறு செய்யப்பட்டது என்பது அவ்வளவாக எழுதப்பெறவில்லை. இந்நாட்டுத் தொழில் வரலாற்றில் அந்த ஆடிக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். இரும்பும் சிமெண்டும் செய்யத் தொடங்கியதை நாம் கொண்டாடினோம். ஒரு கண்ணாடித் தட்டை ஒளியின் அலைநீளத்தினும் சிறிய நுட்பத்துக்குத் தேய்த்து முடித்ததைக் கொண்டாடினோமில்லை.

சென்னையிலே வானநூல் ஆராய்ச்சி தொடங்கியது 1786-இல், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் தம் சொந்த இல்லத்தில் அமைத்த ஆய்வகத்தோடு. அது கம்பெனியின் வசமாகி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வகுத்த திட்டப்படி தனிக் கட்டடம் பெற்றது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நட்ட பெரிய கருங்கல் தூணில், அதை நிறுவிய செய்தி தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது; அத்தூண் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தத் தூணின்மேல் அமர்ந்த கருவி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கல் நம்முடையது, கண்ணாடி அயலாருடையது. ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு இந்நிலை மாறவில்லை. 1899-இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பெற்றபோதும், பின்னர் 1912-இல் புனேயிலிருந்து கழற்றப்பட்ட இருபது அங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி அங்கே கொண்டுவரப்பட்டபோதும், அவற்றின் கண்களாகிய வில்லைகளும் ஆடிகளும் டப்ளினிலோ லண்டனிலோ பாரிஸிலோ கடையப்பட்டவையே. அக்கருவிகளைக் கொண்டு நம்மவர்கள் அரிய காரியங்களைச் செய்தார்கள். சென்னை ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ஒளி மாறும் நக்ஷத்திரமொன்றைக் கண்டுபிடித்தார். கருவி செய்யும் வித்தை மாத்திரம் கைக்கு வரவில்லை.

பெரிய தொலைநோக்கிக்கு வில்லையைவிட ஆடியே உகந்தது என்பதற்குக் காரணம் எளியது. வில்லைக்குள் ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டுமாதலால் அதன் உட்புறம் முழுவதும் குமிழியும் கீற்றுமில்லாமல் சுத்தமாயிருத்தல் வேண்டும்; விளிம்பை மட்டுமே பற்றிப் பிடிக்க முடியுமாதலால் பெரிய வில்லை தன் பாரத்தினாலேயே வளைந்துபோகும். ஆடிக்கு ஒரு முகம் ஒழுங்காயிருந்தாற் போதும். முதுகுப்புறம் முழுவதையும் தாங்கிக்கொள்ளலாம். நியூட்டன் 1668-இல் செய்த முதற் பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் ஆடி உலோகத்தாலானது. அதன்பின் வந்த பெரிய ஆடிகளும், அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845-இல் நிறுவிய ஆறடி ஆடி உட்பட, செம்பு இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் என்ற அளவை ஒட்டிய கலவையினாலேயே வார்க்கப்பட்டன. நம் அண்டைநாடாகிய கேரளத்தில் ஆறன்முளைக் கம்மாளர்கள் இன்றளவும் வார்த்துத் தேய்க்கும் உலோகக் கண்ணாடியும் இந்த இனத்தைச் சேர்ந்த கலவையே என்பதை நினைக்கும்போது, வித்தை நம்மிடம் இருந்தும் அது வானத்தை நோக்கித் திரும்பவில்லையே என்ற ஏக்கம் உண்டாகிறது.

உலோக ஆடி விரைவில் மங்கும். மங்கியதைத் துலக்கினால் வடிவம் கெடும். ஆகவே ஒவ்வொரு துலக்கலும் புதிதாக ஆடி செய்வதற்குச் சமமான பிரயாசை. 1850-களில் கண்ணாடியின்மேல் வெள்ளியை ரசாயன முறையில் படியவைக்கும் வழி ஸ்டைன்ஹைல், பூக்கோ ஆகியோரால் தொலைநோக்கிக்குப் பயன்படுத்தப்பட்டபோது நிலைமை முற்றிலும் மாறியது. வடிவத்தைக் கண்ணாடி காக்கும், ஒளியை உலோகப் படலம் திருப்பும். படலம் மங்கினால் அதை மட்டும் கரைத்துவிட்டு மீண்டும் பூசலாம். இந்த வழியே வளர்ந்து, அமெரிக்காவில் 1934-இல் வார்க்கப்பட்டு, 1936-இல் ரயிலேற்றிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, யுத்தகாலத்தில் தடைப்பட்டு, 1947-இல் தேய்த்து முடிந்த பாலோமர் மலையின் 200 அங்குல ஆடியில் ஓர் உச்சத்தை அடைந்தது.

1927-இல் சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தின் நிஜாமியா ஆய்வகத்தில் பணிசெய்த தந்தையின் நிழலில் வளர்ந்து, 1949-இல் ஹார்வர்டில் மாணவராயிருக்கும்போதே ஒரு வால்நக்ஷத்திரத்தைக் கண்டுபிடித்த வைணு பாப்பு, பாலோமர் போன்ற பெருங்கருவிகளின் மகிமையை நன்கு அறிந்தவர். 1960-இல் அவர் கோடைக்கானல் ஆய்வகத்தின் தலைமையை ஏற்றார். பணமும் அனுமதியும் கிடைத்தால் வெளிநாட்டுக் கம்பெனியொன்றினிடம் ஒரு தொலைநோக்கியை வாங்கி நிறுவிவிடுவது அவருக்கு எளிய காரியம்; அதையும் அவர் செய்தார். ஆனால் அது ஒன்றே போதும் என்று அவர் கருதவில்லை என்பதில்தான் அவருடைய தீர்க்கதரிசனம் விளங்குகிறது. கோடைக்கானல் ஆய்வகத்துப் பட்டறையிலேயே 38 சென்டிமீட்டர் ஆடி கொண்ட ஒரு சிறு தொலைநோக்கி உருவாயிற்று. 1968-இல் அதைக் காவலூர்க் காட்டில் நிறுவியதுதான் அந்நிலையத்தின் ஆரம்பம். அடுத்து, ஜெர்மனியின் ஜேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல் வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு நக்ஷத்திரத்தை மறைத்தபோது அக்கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதை வெளிப்படுத்திய அவதானங்களில் ஒன்று அந்தக் கருவியாற் செய்யப்பட்டது. 75 சென்டிமீட்டர் ஆடியுள்ள இன்னொரு தொலைநோக்கியை, கோடைக்கானல் ஆய்வகமே வளர்ந்து உருவான இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் கூடங்களிலேயே செய்துகொண்டது. வாங்குவதும் செய்வதும் இவ்வாறு பக்கம் பக்கமாக நடந்தன. வாங்கிய கருவியால் ஆராய்ச்சி தாமதமின்றி நடந்தது. செய்த கருவியாற் கை பழகியது. 38 சென்டிமீட்டரிலிருந்து, காவலூர்ப் பேராடியின் விட்டமாகிய 234 சென்டிமீட்டருக்கு ஒரே தாவலில் எவரும் போக முடியாது.

அந்தக் கையைப் பழக்கியவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ஏ. பி. ஜெயராஜன். 1971-இல் தன்னாட்சி பெற்று, பிறகு பெங்களூரில் நிலைகொண்ட அந்த நிறுவனத்தின் ஒளியியற் கூடத்தை நடத்தியவர் அவர். பெரிய ஆடிக்கான கண்ணாடித் தட்டு, ஜெர்மனியில் ஷாட் கம்பெனி செய்த ஜெரோடூர் என்னும் பொருளாலானது; அதன் எடை மூன்று டன்னுக்கு மேல். பார்வைக்குத் தேன் நிறமுள்ள கண்ணாடிபோல் இருக்கும் ஜெரோடூர் உண்மையில் கண்ணாடியும் நுண்படிகமும் கலந்த ஒரு விநோதமான பொருள். உஷ்ணம் ஏறும்போது அதன் கண்ணாடிப் பகுதி விரிகிறது, நுண்படிகப் பகுதி சுருங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் மொத்தத்தில் அது விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை என்று சொல்லத்தகும் நிலையில் இருக்கிறது. 1968-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அப்பொருள் தொலைநோக்கி ஆடிகளுக்கு உரியதாகச் செய்யப்பட்டது. பகலில் காய்ந்து இரவில் குளிரும் நம் மலைகளில் ஆடியின் வடிவம் மாறாமலிருக்க இதைவிடத் தக்க பொருள் அக்காலத்தில் கிடைப்பது அரிது. தட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது உண்மையே. ஆனால் வந்தது வெறும் கல் போன்ற ஒரு வட்டம். அதை ஆடியாக்கும் வேலையும், அவ்வேலைக்கு வேண்டிய தேய்ப்பு இயந்திரமும் இங்கேதான் உருவாயின.

தேய்ப்பு வேலையைச் சற்று அருகிருந்து பார்ப்பது நல்லது. ஒரு வட்டக் கண்ணாடியின்மேல் கார்போரண்டம் தூளையும் தண்ணீரையும் பரப்பி, இன்னொரு வட்டத்தை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தால், ஒன்று குழியும், மற்றொன்று புடைக்கும்; இரண்டும் எந்தத் திசையில் நகர்ந்தாலும் பொருந்த வேண்டுமாதலால், எவரும் முயலாமலே அவை கோளத்தின் பகுதிகளாக அமைந்துவிடுகின்றன. இயற்கை தானே தரும் இந்தக் கொடையின்மேல்தான் ஆடிக்கலை முழுவதும் நிற்கிறது. முரட்டுத் தூளில் தொடங்கி, படிப்படியாக மெல்லிய தூளுக்கு மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆடியையும் கருவியையும் மேசையையும் கைகளையும் முற்றிலும் கழுவ வேண்டும். முந்தைய தூளின் ஒரு மணி எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மெருகேறும் முகத்தில் நீண்ட கீறலைப் போட்டுவிடும், பல வார உழைப்பு பாழாகும். கடைசியில் தூளுக்குப் பதிலாகக் கீல் பூசிய கருவியும் சீரியம் ஆக்சைடு கலந்த நீரும் வருகின்றன. கீல் என்பது கெட்டியாயிருந்தும் மெல்ல வழியும் இயல்புடையது. தன்மேல் அமரும் கண்ணாடியின் வடிவத்துக்குத் தானே இணங்கிக்கொடுக்கும். அது மிகவும் இறுகினால் கீறும், மிகவும் இளகினால் வடிவம் குலையும். அறையின் உஷ்ணத்துக்கு ஏற்ப அதன் பதத்தை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து அறியும் வழக்கம் இத்தொழிலில் தொன்றுதொட்டு உண்டு.

கோளம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது. தூரத்து நக்ஷத்திரத்தின் ஒளியை ஒரே புள்ளியிற் குவிக்க வல்லது கோளமன்று, பரவளையம். காவலூர் ஆடியின் குவிதூரம் அதன் விட்டத்தைப்போல் 3¼ மடங்கு. அதாவது 7½ மீட்டருக்குச் சற்று மேல். இந்த அளவுக்கு, ஆடியின் நடுப்பள்ளம் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர். நடுவில் ஒன்றாகப் பொருந்தும் கோளமும் பரவளையமும் விளிம்பில் எவ்வளவு பிரிகின்றன என்று கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டரிற் பதினைந்தில் ஒரு பாகமே வருகிறது. அது ஒரு தலைமயிரின் பருமன். கோளத்தை விட்டு விலக வேண்டிய தூரம் ஒரு மயிரிழை; அந்த விலகலில் நிகழலாகும் பிழையோ அம்மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயற்கை தரும் கோளத்தை வலிந்து குலைத்து, நடுவில் சற்று அதிகமாகவும் ஓரத்தில் சற்றுக் குறைவாகவும் தேய்த்து, இரண்டே கால் மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு முழுவதையும் அந்நுட்பத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், அதற்கு வேண்டிய பொறுமையை வேறு எத்தொழிலும் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெருகிடும்போது உராய்வினால் கண்ணாடி சூடேறுகிறது. சூடு ஆறுமுன் அளந்தால் அளவு பொய்யாகும். ஆகவே சிறிது நேரம் தேய்ப்பதும், நெடுநேரம் காத்திருப்பதும், அளப்பதும், என்ன செய்வதென்று ஆலோசிப்பதும், மீண்டும் சிறிது தேய்ப்பதுமாக மாதங்கள் கழிகின்றன. அதிகமாகத் தேய்த்த இடத்தை நிரப்ப வழியில்லை. மற்ற இடங்கள் அனைத்தையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குவதே ஒரே பரிகாரம்.

கையால் தடவி அறிய முடியாத பிழையைக் கண்ணாற் காணும் உபாயத்தைப் பூக்கோ 1858-ஐ ஒட்டி வகுத்தார். ஆடியின் வளைவு மையத்தில் ஒரு சிறு ஒளிப்புள்ளியை வைத்தால், அது ஆடியிற்பட்டு மீண்டும் அங்கேயே குவியும். குவியும் இடத்தில் ஒரு கத்தியின் விளிம்பைக் குறுக்கே நகர்த்திக் கண்ணை அதன் பின்னால் வைத்துப் பார்த்தால், பளபளக்கும் ஆடியின் முகத்தில் மேடுகளும் பள்ளங்களும் வெளிச்சமும் நிழலுமாகத் தோன்றும். காவலூர் ஆடிக்கு அந்த மையம் 15 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இத்தனை தூரத்தினிடையே காற்று சற்று அசைந்தாலும் நிழல் கலங்கும். மேலும், கோளத்துக்கு நேரடியாக உதவும் இச்சோதனை பரவளையத்துக்கு வரும்போது கணக்கிட்டுப் பொருள்கொள்ள வேண்டியதாகிறது. ஜெயராஜனும், அவரோடு பணிசெய்த ஏ. கே. சக்சேனாவும் இக்காலத்தில் பாபினே ஈடுசெய்கருவிகள் எனப்படும் ஒளியியற் கருவிகள் இரண்டைக் குறுக்காக அமைத்து இத்தகைய குழிந்த முகங்களைச் சோதிக்கும் ஒரு முறையை வகுத்து, 1981-இல் அமெரிக்காவின் ஒளியியல் பத்திரிகையொன்றில் வெளியிட்டார்கள். ஆடியைத் தேய்ப்பதற்கே புதியவர்களாயிருந்த ஒரு நாட்டினர், அதை அளக்கும் முறையிலேயே உலகத்துக்குப் புதியதொன்றைக் கொடுத்தார்கள் என்பது இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி.

அளவை இத்தொழிலின் பாதி அல்ல, முக்கால் என்பதற்கு உதாரணமாய் அமைந்தது ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் மெருகிடப்பட்ட வேறோர் ஆடி. ஹபிள் விண்தொலைநோக்கியின் அந்த ஆடி 2.4 மீட்டர் விட்டமுள்ளது. காவலூர் ஆடிக்கு அளவில் உடன்பிறந்தது என்றே சொல்லலாம். பணத்திலும் யந்திரத்திலும் அதற்குக் குறைவில்லை. ஆயினும் அதைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி வைக்கப்பட்டதால், ஆடி மிக மிக நுட்பமாகத் தவறான வடிவத்துக்கே மெருகிடப்பட்டது. விளிம்பு வேண்டியதைவிட 2.2 மைக்ரான் தட்டையாயிற்று. 1990-இல் ஆகாசத்திற்குப் போன பிறகுதான் அது தெரியவந்தது. வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டியும், நுட்பமான கருவியையே நம்பினார்கள் என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. வெவ்வேறு முறைகளால் ஒரே முகத்தை மீண்டும் மீண்டும் சோதிப்பது வறியவர்களின் வழி என்று சிலர் எண்ணலாம். ஆடிக்கலையில் அது ஒன்றே பாதுகாப்பான வழி.

காவலூர்த் தொலைநோக்கி முடிவதைப் பாப்பு பார்க்கவில்லை. சர்வதேச வானநூற் சங்கத்தின் தலைவராக 1979-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1982 ஆகஸ்டு 19-ஆம் நாள் மியூனிக் நகரில், ஐம்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவருக்குப் பின் ஜே. சி. பட்டாச்சார்யா பொறுப்பேற்றுப் பணியை நடத்தினார். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பெரும் இரும்பு அமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகரில் செய்யப்பட்டது. 1985 நவம்பரில் அவ்வாடி முதன்முதலாக நக்ஷத்திர ஒளியை ஏற்றது. 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

மெருகிட்ட கண்ணாடி தானாக ஒளியைத் திருப்புவதில்லை. விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குபோலவே அது திருப்பும். காற்றகற்றிய பெரிய கலத்துக்குள் ஆடியை வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கி அதன் முகத்திற் படியச் செய்த பிறகே அது ஆடியாகிறது. 1930-களில் அமெரிக்கர்களால் நடைமுறைக்கு வந்த இம்முறையில் படியும் உலோகத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்கு. மூன்று டன் கண்ணாடியைப் போர்த்த ஒரு சில கிராம் உலோகம் போதும். அப்படலம் தூசியாலும் ஈரத்தாலும் மங்கும்போது, ஆடியை இறக்கிப் பழைய படலத்தைக் கரைத்துக் கழுவிப் புதிதாகப் பூசும் வேலை காவலூரிலேயே நடைபெறுகிறது.

இங்கே சேர்வராயன் மலையைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அக்கோயில் அமைந்த உச்சி ஏன் கூம்பாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது என்றால், யுக யுகாந்தரமாகப் பெய்த மழை, அடியிலுள்ள சார்னோக்கைட் என்னும் கரும்பாறையின் மேற்பகுதியிலிருந்து கரையத்தக்கவற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு போய், கரையாத இரும்பும் அலுமினியமும் செறிந்த செம்மண் கவசமொன்றை விட்டுச் சென்றிருப்பதுதான். அந்தக் கவசமே பாக்ஸைட். மேட்டூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினியத் தொழிற்சாலைக்கு ஏற்காட்டு மலைகளிலிருந்து பாக்ஸைட் வெட்டிக் கொண்டுபோகப்பட்டது. காவேரியின் மின்சாரமும் சேர்வராயன் மண்ணும் சேர்ந்து அங்கே உலோகமாயின. ஜவ்வாது மலையின் ஆடிக்குப் பூசிய அலுமினியம் எந்த மலையின் மண் என்பதைக் கேட்பவருமில்லை, அதற்குக் கணக்குமில்லை. ஆனால் தமிழ்நாட்டு வானநூல் தேடிய உலோகம் தமிழ்நாட்டு மலையுச்சியில் காலுக்குக் கீழேயே கிடந்தது என்பது உண்மை. அதே வெட்டுதலால் அந்த மலையுச்சிகளின் புல்வெளிகள் சிதைந்ததும் உண்மை. மலைவாழ் குடிகளுக்குத் தெய்வமாயிருக்கும் நிலத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வியை, அலுமினியத்தின் பயனை நன்கு அறிந்தவர்களே மிகுந்த கவலையோடு கேட்க வேண்டும்.

காவலூர் ஆடி முடிந்த பிறகு அதனினும் பெரிய ஆடியொன்றைத் தேய்க்கும் வாய்ப்பு அந்தக் கூடத்துக்கு உடனே கிடைக்கவில்லை. 2016-இல் இமயமலைச் சாரலில் தேவஸ்தலத்தில் நிறுவப்பெற்று, முப்பது ஆண்டுகள் இந்தியாவிற் பெரியதாயிருந்த காவலூர்க் கருவியை விஞ்சிய 3.6 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி ருஷ்யாவில் மெருகிடப்பட்டது. கருவியைச் செய்து கொடுத்தவர்கள் பெல்ஜியத்தார். அவ்வாறு வாங்கியதற்குத் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். எனினும் ஒரு தலைமுறை கைப்பழக்கம் இடையில் அறுந்துபோகும் அபாயம் நேர்ந்ததை எண்ணி வருந்தாமலிருக்க முடியவில்லை. கீலின் பதத்தை விரலால் அறியும் ஞானம் புத்தகத்தில் எழுதிவைத்துப் பிறகு எடுத்துப் படிக்கத்தக்கதன்று.

அந்த இழை மீண்டும் பற்றிக்கொள்ளப்பட்ட இடம், பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலுள்ள அதே நிறுவனத்தின் வளாகம். முப்பது மீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியை அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளோடு கூடி அமைக்கும் திட்டத்தில் இந்தியா 2014-இல் பங்கேற்றது. முப்பது மீட்டர் ஆடியை ஒரே தட்டாகச் செய்ய எவராலும் இயலாது, ஆகவே 1.44 மீட்டர் அகலமுள்ள 492 அறுகோணத் தட்டுகளை அடுத்தடுத்துப் பதித்து ஒரே முகமாக்குவது திட்டம். அவற்றுள் ஒரு பகுதியை மெருகிட்டுக் கொடுக்கும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. அதற்கான கூடம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இங்கே கையாளும் முறை காவலூர் ஆடியைத் தேய்த்தவர்களின் முறையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. பரவளையத்தை மிக நெருங்கிய பெருமுகத்தின் ஒரு துண்டாக அமைய வேண்டிய ஒவ்வொரு தட்டும் ஒருபுறம் அதிகமாகவும் ஒருபுறம் குறைவாகவும் வளைந்திருக்க வேண்டும். மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கும் திசைக்கும் ஏற்ப அவ்வடிவம் 82 வகைப்படும். இவ்வடிவங்களை நேராகத் தேய்த்து வருவிப்பது மிகக் கடினம். ஆகவே, தட்டின் விளிம்பைச் சுற்றிலும் கணக்கிட்ட பாரங்களை ஏற்றி, வேண்டிய வடிவத்துக்கு நேர் எதிரான கோணலாக அதை முதலில் வளைத்துவிடுகிறார்கள். வளைந்த நிலையில் அதைச் சாதாரணக் கோளமாக, இயற்கை தானே தரும் அந்தப் பழைய வடிவமாகவே, மெருகிடுகிறார்கள். பிறகு பாரங்களை இறக்கியதும் கண்ணாடி நிமிர்ந்து, தேய்க்காமலே அப்பெருமுகத்தின் துண்டாகிவிடுகிறது. வட்டத் தட்டை அறுகோணமாக வெட்டும்போது உள்ளிருக்கும் இறுக்கம் சற்று விடுபட்டுச் சிறு பிழைகள் தோன்றுமாதலால், அவற்றை அயனிக் கற்றையைக் கொண்டு, அணு அணுவாகச் சீவித் திருத்துவது இறுதிப் படி. சேர்வராயன் உச்சியைப் பற்றி எழுந்த கேள்வி போன்றதொன்று இங்கும் எழுந்தது. அத்தொலைநோக்கியை ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையில் நிறுவுவதா, கானரித் தீவில் நிறுவுவதா என்னும் விவாதம் நீண்டது. மௌனா கியாவைத் தங்கள் மூதாதையரின் புனித மலையாகப் போற்றும் அத்தீவின் ஆதிக்குடிகள் அங்கே கட்டுவதை எதிர்த்து நின்றார்கள்.